சர்க்கரை நோய் உள்ள பெண் கருத்தரிக்க நினைக்கும்போது: உடனேயா, அளவு இறங்கிய பிறகா, கெடு வைத்தா?

இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 31 வயதுப் பெண் ஒருவரைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மூன்று மாதச் சராசரி என்று நாம் வழக்கமாகச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையில் அவருக்கு 9.2% வந்திருக்கிறது. மருந்துச் சீட்டில் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன், கொழுப்புக்கு அடார்வாஸ்டாடின் என்று நான்கு மாத்திரைகள் இருக்கின்றன. "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று உறவினர்கள் கேட்கத் தொடங்கி ஓர் ஆண்டாகிறது. அவர் முன்னால் மூன்று வழிகள் உள்ளன. இப்போதே முயன்று, கரு நின்ற பிறகு சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது ஒன்று. எத்தனை காலமானாலும் 6.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை கருத்தடையைக் கைவிடாமல் காத்திருப்பது இன்னொன்று. நான்கு அல்லது ஆறு மாதம் என்று கெடு வைத்து, அதற்குள் இறக்க முடிந்த அளவுக்கு இறக்கிவிட்டு, அப்போது இருக்கும் நிலையைப் பார்த்து மருத்துவரோடு பேசி முடிவெடுப்பது மூன்றாவது.

பெரும்பாலோர் போவது முதல் வழியில்தான். ஆனால் அதை ஒரு வழி என்று அறிந்து தேர்ந்தெடுத்துப் போகிறவர்கள் குறைவு. "நாள் தள்ளிப்போனால் டாக்டரிடம் போய்க்கொள்ளலாம்" என்பது ஒரு முடிவாகவே யாருக்கும் தோன்றுவதில்லை. அது இயல்பான ஒழுங்கு என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். நீரிழிவு இல்லாத பெண்ணுக்கு அந்த ஒழுங்கு ஓரளவு போதும். நீரிழிவு உள்ளவருக்கு ஏன் போதாது என்பதை ஒரு நாட்காட்டியை வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும்.

மாதவிடாய் ஜனவரி 1 அன்று வருகிறது, சுழற்சி 28 நாள் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி 15 வாக்கில் கரு உருவாகிறது. அடுத்த மாதவிடாய் வரவேண்டிய நாள் ஜனவரி 29. வரவில்லை. ஒரு வாரம், பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பிப்ரவரி 7 அன்று மருந்துக்கடையில் கிட் வாங்கிப் பார்க்கிறார். இரண்டு கோடுகள் தெரிகின்றன. மகிழ்ச்சியில் நான்கைந்து நாள் போகிறது. பிப்ரவரி 12 அன்று மருத்துவரைப் பார்க்கிறார். அன்றைக்குக் கருவின் வயது 28 நாள். அதன் இதயம் ஆறு நாட்களாகத் துடித்துக்கொண்டிருக்கிறது. மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரப்போகும் நரம்புக் குழாய் ஏறக்குறைய அந்த நாளில் முழுவதும் மூடியிருக்கும். அல்லது எங்கேயோ ஓரிடத்தில் மூடாமல் நின்றுபோயிருக்கும். அன்றிரவே இன்சுலின் தொடங்கினாலும் சர்க்கரை சீராக இரண்டு மூன்று வாரங்களாவது ஆகும். அதற்குள் இதயத்தின் அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் பெரும்பாலும் எழும்பி முடிந்திருக்கும். எவ்வளவு கெட்டிக்கார மருத்துவராக இருந்தாலும், எவ்வளவு சொன்னபடி கேட்கும் நோயாளியாக இருந்தாலும், இந்த முதல் அத்தியாயத்தை யாராலும் திரும்ப எழுத முடியாது.

தமிழ்நாட்டில் 12 வாரங்களுக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று கிராம சுகாதாரச் செவிலியர்கள் பாடுபடுகிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியும் அந்தக் காலவரம்பையே கேட்கிறது. பொதுவான தாய்மார்களுக்கு அது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் நீரிழிவு உள்ள பெண்ணைப் பொறுத்தவரை, உறுப்புகள் உருவாவது என்ற கண்ணோட்டத்தில், 12 வாரம் என்பது பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வந்து சேர்வது போன்றது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார்கள். அப்படி மாத்திரை வாங்கும் பெண் நாற்பது வயதுக்கு உட்பட்டவராக இருந்தால், "குழந்தைக்கு யோசனை இருக்கிறதா அம்மா?" என்ற ஒரே ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டால், கர்ப்பப் பதிவேட்டால் செய்ய முடியாததை அது செய்துவிடும்.

சர்க்கரை கருவை எப்படிக் கெடுக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தாயின் இரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் கருவுக்குத் தடையின்றிப் போய்ச் சேர்கிறது. அந்த வாரங்களில் கருவுக்குச் சொந்தமாக இன்சுலின் சுரக்கும் கணையம் உருவாகியிருக்கவில்லை. ஆகவே தாயின் அளவு எதுவோ அதுவே கருவின் அளவு. செல்களுக்குள் அளவுக்கு மீறிக் குளுக்கோஸ் புகும்போது, செல்களைச் சேதப்படுத்தும் ஆக்சிஜனேற்ற அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தம் உறுப்புகளின் உருவாக்கத்தை நடத்தும் மரபணுக்களின் வேலையைத் தடுக்கிறது. நரம்புக் குழாய் மூடுவதற்குத் தேவையான பாக்ஸ்3 என்ற மரபணுவின் செயல்பாடு இப்படிக் குறைவது சுண்டெலிக் கருக்களில் காட்டப்பட்டிருக்கிறது. அதனால்தான் இந்தக் குறைபாடுகள் பெரும்பாலும் இதயத்திலும் மூளை, தண்டுவடத்திலும் வருகின்றன. முதுகெலும்பின் அடிப்பகுதியும் கால்களும் சரியாக உருவாகாத காடல் ரிக்ரஷன் என்ற நிலை நீரிழிவு உள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருகிறது. ஆனாலும் எண்ணிக்கையில் அது மிக அரிதுதான்.

இங்கே ஒரு குழப்பத்தை விலக்கியாக வேண்டும். கர்ப்பகால நீரிழிவு என்று நம் ஊரில் பரவலாகத் தெரிந்திருப்பது வேறு. சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷையா போன்றவர்களின் முயற்சியால் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்பது தமிழ்நாட்டில் வழக்கமாகிவிட்டது. 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் கொடுத்த அனுபவம் பல தாய்மார்களுக்கு உண்டு. கர்ப்பத்தின் பிற்பகுதியில் புதிதாகத் தோன்றும் அந்தச் சர்க்கரை, குழந்தையைப் பெரிதாக வளர்த்துப் பிரசவத்தைச் சிக்கலாக்கும். ஆனால் உறுப்புகள் அதற்கு முன்பே உருவாகி முடிந்திருப்பதால் பிறவிக் குறைபாட்டுக்கு அது பொதுவாகக் காரணமாவதில்லை. முதல் குழந்தையின்போது சர்க்கரை வந்து போன பெண்ணுக்கு, இரண்டாவது குழந்தைக்குள் அது நிலையான இரண்டாம் வகை நீரிழிவாக மாறியிருக்கலாம். அவரும் அறியாமல் உயர்ந்த அளவோடு கருத்தரிக்கலாம். இந்தக் கட்டுரை அவருக்கும் பொருந்தும்.

இனி மூன்று வழிகளையும் எண்களோடு நிறுத்திப் பார்ப்போம். எந்தத் தாய்க்கும் பெரிய பிறவிக் குறைபாட்டோடு குழந்தை பிறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு மூன்று உண்டு. அதை அடித்தளமாக வைத்துக்கொள்ள வேண்டும். அன்றைய கிழக்கு ஜெர்மனியின் கார்ல்ஸ்பர்க் நீரிழிவு மையம் 1983இல் வெளியிட்ட ஆய்வு, முதல் வழியையும் இரண்டாம் வழியையும் ஏறக்குறைய நேருக்கு நேர் நிறுத்தியது. இன்சுலின் எடுத்துக்கொள்ளும் பெண்களில், கருத்தரிப்பதற்கு முன்பே கடுமையாகச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தியவர்களின் 128 குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் குறைபாடு இருந்தது. எட்டு வாரம் கடந்த பிறகு மையத்துக்கு வந்தவர்களின் 292 குழந்தைகளில் 22 குழந்தைகளுக்குக் குறைபாடு இருந்தது, அதாவது 7.5%. கலிபோர்னியாவில் 1991இல் வெளியான ஆய்விலும் இதே போக்குதான்: முன்கூட்டியே வந்த 84 பேரில் 1.2%, கருத்தரித்த பின் வந்த 110 பேரில் 10.9%.

இந்த எண்களை அப்படியே விழுங்கிவிடவும் கூடாது. முன்கூட்டியே மருத்துவரைத் தேடிப் போகும் பெண், பின்னால் வருபவரைவிடப் பல விதங்களில் வேறானவர். படிப்பு, வசதி, திட்டமிட்ட கர்ப்பம், ஃபோலிக் அமிலம் எல்லாம் அவர் பக்கம் சேர்ந்திருக்கும். சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த ஆய்வுகள் அல்ல இவை. அப்படிச் செய்வது அறமாகவும் இருக்காது. ஆனால் வித்தியாசம் ஒன்பது பத்து மடங்கு இருக்கும்போது, அதில் பாதியைத் தள்ளுபடி செய்தாலும் மீதி போதும் என்பது என் எண்ணம். பல ஆய்வுகளைத் திரட்டி 2001இல் செய்த தொகுப்பில், கருத்தரிப்புக்கு முந்தைய கவனிப்புப் பெற்றவர்களிடம் பெரிய குறைபாடுகள் 2.1 சதவீதமாகவும் பெறாதவர்களிடம் 6.5 சதவீதமாகவும் இருந்தன. உண்மை இந்த மூன்று மடங்கை ஒட்டி இருக்கும் என்று நம்பலாம். முதல் வழியை இதற்கு மேல் விவாதிக்கத் தேவையில்லை. சர்க்கரை ஏற்கெனவே 6.5 சதவீதத்துக்குக் கீழே இருந்து, மாத்திரைகளும் ஒத்துப்போகிறவையாக இருந்தாலொழிய, அதைப் பரிந்துரைக்க எந்தக் காரணமும் இல்லை.

உண்மையான போட்டி இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில்தான். 6.5 என்ற எண் எங்கிருந்து வந்தது? அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பும் கருத்தரிப்புக்கு முன் இந்த இலக்கைச் சொல்கின்றன. தாழ்சர்க்கரை, அதாவது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடுவது, வராமல் எட்ட முடிந்தால் என்ற நிபந்தனையோடுதான் சொல்கின்றன. 10 சதவீதத்துக்கு மேல் இருப்பவர்கள் அது இறங்கும்வரை கருத்தரிக்க வேண்டாம் என்று நைஸ் அழுத்தமாகச் சொல்கிறது. ஆக, 6.5 ஒரு விரும்பத்தக்க வாசல். 10 ஒரு பூட்டிய கதவு. இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதுதான் முடிவெடுக்கிறவருக்கு வேண்டிய தகவல்.

அதை ஸ்வீடன் நாட்டுப் பதிவேடுகளை வைத்து 2018இல் வெளியான ஆய்வு துலக்கமாகக் காட்டுகிறது. முதல் வகை நீரிழிவு உள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்கு இதயக் குறைபாடு எவ்வளவு என்று அது பார்த்தது. நீரிழிவு இல்லாத தாய்மார்களிடம் 1.5%. தாயின் எச்பிஏ1சி 6.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தபோது 3.3%, 6.5 முதல் 7.8 வரை இருந்தபோது 3.7%, 7.8 முதல் 9.1 வரை 4.8%, 9.1 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தபோது 10.1%. இந்த ஏணியை மெதுவாக ஏறி இறங்கிப் பாருங்கள். நம் 31 வயதுப் பெண் 9.2இலிருந்து 7.5க்கு இறங்கினால், பத்திலிருந்து நாலுக்குக் குறைவாக வந்துவிடுகிறார். 7.5இலிருந்து 6.4க்கு இறங்க அவர் படும் பாடு அதைவிட அதிகமாக இருக்கும். கிடைப்பது அரை சதவீதத்துக்கும் குறைவு. வட இங்கிலாந்தில் 2012இல் வெளியான ஆய்வு 6.3 சதவீதத்துக்கு மேல் ஒவ்வொரு சதவீத உயர்வுக்கும் குறைபாட்டின் வாய்ப்பு ஏறக்குறைய 30% கூடுவதாகச் சொன்னது; அந்தக் கணக்கிலும் மேல்படிகளில் இறங்குவதுதான் பெரிய லாபம். பாஸ்டனின் ஜாஸ்லின் மருத்துவமனை 1981இலேயே 8.5 என்ற கோட்டுக்கு மேலே 22.4%, கீழே 3.4% என்று காட்டியது; அன்றைய பரிசோதனை முறை இன்றையதிலிருந்து வேறானது, ஆனால் படத்தின் வடிவம் அதுவே.

இன்னொன்றையும் ஸ்வீடன் எண்கள் சொல்கின்றன: 6.5க்குக் கீழே போன தாய்மார்களிடம்கூட இதயக் குறைபாடு மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு இருந்தது. அந்த வாசலைக் கடந்தால் ஆபத்து மறைந்துவிடும் என்று நினைத்துத்தான் பலர் வருடக்கணக்கில் அதன் முன் நிற்கிறார்கள். அப்படி ஒரு வாசல் இல்லை.

காத்திருப்புக்கும் விலை உண்டு. 31 வயதில் ஆறு மாதம் என்பது பெரிதல்ல. 37 வயதில் இரண்டு ஆண்டுகள் என்பது மிகப் பெரிது. 35க்குப் பிறகு கருத்தரிக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைகிறது, கருச்சிதைவும் குரோமோசோம் குறைபாடுகளும் கூடுகின்றன. பிசிஓஎஸ் என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு ஏற்கெனவே கருத்தரிப்பு தாமதமாகலாம். இலக்கைத் துரத்துவதில் இன்னொரு ஆபத்து தாழ்சர்க்கரை. இன்சுலின் எடுக்கும் பெண் தனியாக இருக்கும் பகலில் 50க்குப் போய்விடுவது 6.9 என்ற எண்ணைவிடக் கெடுதலானது. கண்ணையும் மறக்கக் கூடாது. பல ஆண்டு உயர்ந்திருந்த சர்க்கரையைச் சில வாரங்களில் சடாரென்று இறக்கினால் விழித்திரைப் பாதிப்பு தற்காலிகமாக முற்றலாம். கர்ப்பமும் அதை முற்றச் செய்யும். ஆகவே கண் மருத்துவரிடம் விழித்திரையைக் காட்டிவிட்டுத்தான் சர்க்கரையை வேகமாக இறக்கத் தொடங்க வேண்டும். சிறுநீரில் புரதமும் கிரியேட்டினினும் தைராய்டும் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை.

நம் ஊருக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருக்கிறது. இரும்புச் சத்துக் குறைவால் வரும் சோகை எச்பிஏ1சியை உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். இரும்பு மாத்திரை எடுத்துப் புது இரத்தம் ஊறும்போதும், அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தாலும், அது குறைத்துக் காட்டும். உணவு மாறவில்லை, மருந்து மாறவில்லை, ஆனால் 7.4 என்றிருந்தது 6.8 ஆகிவிட்டது என்று ஒருவர் மகிழ்ந்தால், அந்த இரண்டு மாதத்தில் அவர் இரும்பு மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தாரா என்று கேட்க வேண்டும். ஹீமோகுளோபினைப் பார்க்காமல் எச்பிஏ1சியை மட்டும் வைத்துக் கருத்தடையை நிறுத்துவதோ நீட்டிப்பதோ சரியான கணக்கு அல்ல. விரல் நுனியில் எடுக்கும் அளவுகளும் அதோடு ஒத்துப்போக வேண்டும்.

இவற்றையெல்லாம் எடை போட்டால், இந்தப் பெண்ணுக்கு மூன்றாவது வழியே பொருத்தம் என்பது என் முடிவு. எச்பிஏ1சியின் பாதிக்கு மேல் கடைசி ஒரு மாதத்துச் சர்க்கரையைத்தான் காட்டுகிறது. ஆகவே ஆறு வாரத்தில் திசை தெரிந்துவிடும், மூன்று மாதத்தில் முழு மாற்றமும் தெரிந்துவிடும். நான்காம் மாதம் 6.5 வந்துவிட்டால் நல்லது. 7.2இல் நின்றுவிட்டால் இன்னும் இரண்டு மாதம் பார்க்கலாம், அதன் பிறகு தயக்கமில்லாமல் முயலலாம். எட்டுக்கு மேலேயே நின்றால், குறை அவருடைய மன உறுதியில் அல்ல, பெரும்பாலும் சிகிச்சையில் இருக்கிறது. அங்கே மருந்தை மாற்ற வேண்டும், கெடுவையும் நீட்ட வேண்டும். 37 வயதானவருக்கு இதே கணக்கைச் சற்றுச் சுருக்கிப் போட வேண்டும். 26 வயதுக்காரர் 6.5க்காகத் தாராளமாகக் காத்திருக்கலாம்.

கெடு வைப்பது என்றால் அந்தக் காலத்துக்குக் கருத்தடை உறுதியாக இருக்க வேண்டும். இங்கேதான் திட்டம் பெரும்பாலும் சறுக்குகிறது, ஏனென்றால் குழந்தை வேண்டும் என்று காத்திருக்கும் தம்பதியிடம் கருத்தடையைப் பற்றிப் பேசவே எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். ஆணுறை சரியாகப் பயன்படுத்தினால் போதும், ஆனால் நடைமுறையில் அது தவறுவதும் உண்டு. இரத்த அழுத்தம் உள்ள இந்தப் பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ஏற்றதல்ல. அரசு மருத்துவமனைகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி நம்பகமானது, ஆனால் நிறுத்திய பிறகு கருத்தரிப்பு திரும்பப் பல மாதங்கள் ஆகலாம். ஆறு மாதக் கெடுவுக்கு அது ஒத்துவராது. காப்பர் டி எடுத்த உடனே கருத்தரிப்பு சாத்தியம். கெடு ஓர் ஆண்டாக நீளும் என்று தெரிந்தால் காப்பர் டி, நான்கைந்து மாதம்தான் என்றால் தவறாமல் ஆணுறை என்று பிரித்துக்கொள்ளலாம்.

அடுத்த தேர்வு மாத்திரையா இன்சுலினா என்பது. "ஊசி போட ஆரம்பிச்சா அப்புறம் விடவே முடியாது, அதெல்லாம் கடைசிக் கட்டம்" என்று அத்தையோ மாமியாரோ சொல்லாத வீடு குறைவு. இன்சுலின் நஞ்சுக்கொடியைக் கணிசமான அளவில் தாண்டாது; அளவை நாளுக்கு நாள் கூட்டவோ குறைக்கவோ முடியும்; கர்ப்பத்தில் தேவை இரண்டு மடங்குவரை கூடும்போதும் அது ஈடுகொடுக்கும். கர்ப்பத்தில் எப்படியும் தேவைப்படப்போகிற ஒன்றை, நான்கு மில்லிமீட்டர் ஊசியைத் தொப்புளுக்குப் பக்கத்தில் குத்தப் பழகுவதை, வாந்தியும் பதற்றமும் இல்லாத இந்த மாதங்களிலேயே பழகிக்கொள்வது நல்லது. மெட்ஃபார்மின் நஞ்சுக்கொடியைத் தாண்டும்; ஆனால் அது பிறவிக் குறைபாட்டைக் கூட்டுவதாகத் தெரியவில்லை, கருத்தரிப்புக்கு முன் அதைத் தொடரலாம் என்றே நைஸ் வழிகாட்டுதல் சொல்கிறது. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்து 2020இல் வெளியான மைட்டி ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவுள்ள கர்ப்பிணிகளுக்கு இன்சுலினோடு மெட்ஃபார்மின் சேர்த்தபோது இன்சுலின் தேவையும் தாயின் எடையும் குறைந்தன. ஆனால் எடை குறைந்த குழந்தைகள் அதிகமாகப் பிறந்தன. ஆகவே 9.2 உள்ள நம் பெண்ணுக்கு, மெட்ஃபார்மினை வைத்துக்கொண்டு கிளிமிபிரைடை விலக்கி இன்சுலின் சேர்ப்பது நியாயமான கலவை. 6.8 உள்ள இன்னொருவருக்கு மெட்ஃபார்மினும் சாப்பாடும் நடையும் போதுமாகலாம்.

இப்போது பேச்சில் அதிகம் அடிபடுவது எடை குறைக்கும் வார ஊசிகள். செமாக்ளூடைடு போன்றவை சர்க்கரையையும் எடையையும் நன்றாகவே இறக்கும். கெடு நீளமாக இருந்தால் முதல் பாதியில் அவற்றைப் பயன்படுத்துவது பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். ஆனால் செமாக்ளூடைடைக் கருத்தரிப்புக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும், நிறுத்தியதும் சர்க்கரை மீண்டும் ஏறத் தொடங்கும். நான்கு மாதக் கெடுவில் அது பலன் தராத சுற்றுவழி. டப்பாகிளிஃப்ளோசின், சிட்டாகிளிப்டின் வகை மாத்திரைகளையும் கருத்தரிக்கும் முன் விலக்கிவிடுகிறார்கள்.

சர்க்கரைக்குச் சம்பந்தமில்லாத இரண்டு மாத்திரைகள்தான் இந்தச் சீட்டில் அதிகம் கவனிக்கப்படாமல் போகக்கூடியவை. டெல்மிசார்டன் வகை மருந்துகள் வளரும் குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. அவற்றுக்குப் பதில் லேபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா ஆகியவற்றில் ஒன்றுக்கு முன்கூட்டியே மாறிவிட வேண்டும். கொழுப்பு மாத்திரையை இந்தக் காலத்தில் பொதுவாக நிறுத்திவிடுகிறார்கள். இவற்றைத் தானாகவே நிறுத்திவிடுவது தவறு, மருத்துவரிடம் சீட்டை நீட்டி, "குழந்தைக்கு யோசிக்கிறோம், இதில் எதை மாற்ற வேண்டும்?" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

ஃபோலிக் அமிலத்தில் தேர்வு அளவைப் பற்றியது. சாதாரணப் பெண்ணுக்கு நாளுக்கு 400 மைக்ரோகிராம் போதும். நீரிழிவு உள்ளவருக்கு நைஸ் 5 மில்லிகிராம் சொல்கிறது, 12 வாரம்வரை. அந்த 5 மில்லிகிராம் மாத்திரை நம் மருந்துக்கடைகளில் மிக மலிவாகக் கிடைப்பது. நரம்புக் குழாய்க் குறைபாட்டோடு முன்பு குழந்தை பெற்ற தாய்மார்களிடம் 4 மில்லிகிராம் கொடுத்து 1991இல் பிரிட்டன் தலைமையில் முடிந்த ஆய்வு, மறுபடி வருவதை 72% குறைத்தது. வாரம் ஒருமுறை கொடுக்கப்படும் அரசின் இரும்பு மாத்திரையில் ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம்தான் உண்டு. அது இதற்கு ஈடாகாது. பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் எடுப்பவருக்கு, அதுவும் சைவ உணவுக்காரராக இருந்தால், வைட்டமின் பி12 குறைந்திருக்கலாம். ஃபோலிக் அமிலம் அந்தக் குறையை மூடி மறைத்துவிடும் என்பதால் பி12 அளவையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கருத்தடையை நிறுத்துவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பாவது, முடிந்தால் மூன்று மாதத்துக்கு முன், இந்த மாத்திரை தொடங்கியிருக்க வேண்டும்.

வீட்டில் அளப்பது எதைக் கொண்டு? கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் இரவும் பகலும் வரைபடம் போடும். 14 நாளுக்கு ஒன்று, விலை சில ஆயிரம் ரூபாய். 2017இல் வெளியான கான்செப்ட் ஆய்வில், முதல் வகை நீரிழிவு உள்ள கர்ப்பிணிகளுக்கு அதனால் தெளிவான பலன் இருந்தது. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்களிடம் அந்தப் பலன் உறுதியாகத் தெரியவில்லை. ஆகவே பணம் அளவோடு இருந்தால், ஒரே ஒரு சென்சாரை முதல் இரண்டு வாரம் ஒட்டிப் பார்த்து, எந்தச் சாப்பாடு எப்படி ஏற்றுகிறது என்று தெரிந்துகொண்டு, மீதிக் காலத்துக்குக் குளுக்கோமீட்டரே போதும். அந்த இரண்டு வாரம் கற்றுக்கொடுப்பது அதிகம். காலை வெறும் வயிற்றில் 118. நான்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 214. மறுநாள் இரண்டு இட்லி, கெட்டிச் சாம்பார், ஒரு முட்டை, பிறகு மாடிப்படியில் கால் மணி நேர நடை என்றால் 158. இந்த மூன்று எண்களைத் தன் கையாலேயே எழுதிய பெண்ணுக்கு உணவு அட்டவணையை யாரும் விளக்க வேண்டியிருக்காது.

இத்தனை திட்டத்துக்கும் நடுவில், கெடு முடியும் முன்பே நாள் தள்ளிப்போய்விடலாம். 9 சதவீதத்தில் கரு நின்றுவிட்டது என்பதாலேயே கலைத்துவிட வேண்டும் என்று யாராவது சொன்னால், ஸ்வீடன் எண்ணைத் திருப்பிப் படித்துக்காட்டலாம்: 9.1க்கு மேல் இருந்த தாய்மார்களின் குழந்தைகளில்கூட நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இதயத்தில் குறை இல்லை. பயத்தில் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடுவது அதைவிடப் பெரிய தவறு. நிறுத்திய நாளில் ஏறும் சர்க்கரை, மாத்திரையால் வரக்கூடிய எதையும்விடக் கருவுக்கு ஆபத்தானது. இரண்டு கோடுகள் தெரிந்த அன்றே, அடுத்த வாரம் என்று தள்ளாமல், மருத்துவரிடம் போய் இன்சுலினும் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் தொடங்கி, டெல்மிசார்டனையும் அடார்வாஸ்டாடினையும் மாற்றிக்கொள்ள வேண்டும். 11 முதல் 14 வாரத்துக்குள் முதல் ஸ்கேன். மண்டையோடு உருவாகாத குறை அப்போதே தெரிந்துவிடும். 18 முதல் 20 வாரத்தில் உறுப்புகளை விரிவாகப் பார்க்கும் ஸ்கேன். அதையடுத்து 24 வாரத்துக்குள் குழந்தையின் இதயத்தை மட்டும் பார்க்கும் ஃபீட்டல் எக்கோ. நீரிழிவு உள்ள தாய் என்று சீட்டில் எழுதியிருந்தால் அதைக் கேட்டு வாங்க அவருக்கு முழுக் காரணமும் உண்டு, சாதாரண ஸ்கேன் நன்றாக வந்துவிட்டது என்று யாராவது சொன்னாலும்.